தீபாவளிக்கு வீடு முழுக்க சீரியல் லைட்: உங்கள் ஒயரிங் தாங்குமா? 4 எண்களில் ஒரு கணக்கு

பால்கனிக் கம்பியில் பத்துச் சரம், ஜன்னலில் திரை மாதிரி தொங்கும் லைட், மொட்டை மாடிச் சுவரைச் சுற்றி ரோப் லைட், வாசலில் இரண்டு ஃபோகஸ் லைட். பெங்களூரு, புனே, ஹைதராபாத், குருகிராம் என எந்த ஊர் அடுக்குமாடியில் நீங்கள் இருந்தாலும், தீபாவளி நெருங்கினால் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதுதான் பேச்சு. கூடவே யாராவது ஒருவர் கேட்பார்: "இவ்வளவும் போட்டா ட்ரிப் ஆகாதா?"

சுருக்கமான பதில்: பெரும்பாலும் ஆகாது. பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. மெயின் ட்ரிப் ஆகவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், ஷாக் அடிக்கும் பால்கனிக் கம்பியும் பல வீடுகளில் ட்ரிப் ஆகாமலேதான் நடக்கின்றன. அது ஏன், அதைத் தவிர்க்க என்ன கணக்குப் போட வேண்டும் என்று பார்ப்போம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கைகளின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு 10,000-க்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். இவை எல்லாமே வீட்டில் நடப்பவை அல்ல. வயல், கட்டுமானத் தளம், அறுந்து விழுந்த கம்பி எல்லாமே இதில் அடக்கம். ஆனாலும் ஒயரைக் கையில் எடுக்கும் முன் இந்த எண் நினைவில் இருப்பது நல்லது.

நாட்டின் மின்கட்டமைப்பு தாங்குமா?

இதை முதலில் முடித்துவிடுவோம். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, 9 நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் குறைந்தது. மின்துறை முன்கூட்டியே மதிப்பிட்டிருந்தது 12,000 முதல் 14,000 மெகாவாட் வரைதான். ஒவ்வொன்றும் சில வாட் மட்டுமே இழுக்கும் விளக்குகள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு பெரிய எண் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அப்படியென்றால் தீபாவளி இரவில் கட்டமைப்பு திணறாதா? திணறாது. அன்று தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருப்பதால் நாட்டின் மொத்த மின்தேவை வழக்கமான நாட்களைவிடக் குறைவாகவே இருக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டுமானால் சுமை கூடலாம். மற்றபடி கவலைப்பட வேண்டிய இடம் உங்கள் மீட்டரில் தொடங்கி பால்கனி பிளக்கில் முடிகிறது.

உங்கள் லைட்டுகள் எவ்வளவு இழுக்கும்?

கொஞ்சம் தாராளமாகவே அலங்கரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இவை மாதிரி எண்கள்தான். உங்கள் வீட்டுக் கணக்குக்கு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

• எல்.இ.டி. சரம் 30, ஒன்றுக்கு 8 வாட்: 240 வாட்
• ரோப் லைட் 50 மீட்டர், மீட்டருக்கு 8 வாட்: 400 வாட்
• எல்.இ.டி. ஃபோகஸ் லைட் 4, ஒன்றுக்கு 50 வாட்: 200 வாட்
• சுழலும் கலர் லைட் 2, ஒன்றுக்கு 50 வாட்: 100 வாட்

மொத்தம் 940 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுதான். தினமும் 6 மணி நேரம் வீதம் 5 நாள் எரிந்தால் சுமார் 28 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால்கூட 225 ரூபாய் சொச்சம். கரண்ட் பில்லைப் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை.

இழை பல்பு காலத்தில் கதை வேறு. ஒரு சரமே 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஃபோகஸுக்கு 500 வாட் ஹாலஜன் நான்கு வைத்தால் அதுவே 2,000 வாட். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டன. 300 ரூபாய்க்கு மேல் விற்ற பல்பு 70, 80 ரூபாய்க்கு இறங்கியது. அலங்கார விளக்குச் சந்தையும் அதே வேகத்தில் எல்.இ.டி.க்கு மாறியது. டெல்லி சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ், மும்பை லோஹர் சால், பெங்களூரு எஸ்.பி. ரோடு என எங்கே போனாலும் இப்போது இழை பல்பு சீரியல் செட் அரிதாகத்தான் கண்ணில் படும்.

விலையும் வாட்டும் குறைந்ததும் நாம் என்ன செய்தோம்? மூன்று சரம் வாங்கிய இடத்தில் முப்பது வாங்குகிறோம். சரங்கள் கூடின. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். 940 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 4 ஆம்பியர் வரும். ஆனால் மலிவான எல்.இ.டி. சரங்களில் 'பவர் ஃபேக்டர்' குறைவாக இருக்கும். அதாவது, பயன்படுத்தும் வாட்டைவிட அதிகமான மின்னோட்டத்தை அவை ஒயர் வழியாக இழுக்கும். பவர் ஃபேக்டர் 0.6 என்று வைத்தால் அதே 940 வாட்டுக்கு ஒயரில் ஓடுவது 6.8 ஆம்பியர். வீட்டு மீட்டர் இதற்குக் கூடுதல் பணம் கேட்காது. ஆனால் ஒயர் சூடாவது இந்த ஆம்பியர் கணக்கில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நான்கு எண்களுக்கு வருவோம்.

எண் 1: சாங்ஷன்டு லோடு

உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். 'சாங்ஷன்டு லோடு' என்று 2, 3, 5 போன்ற ஒரு எண் கிலோவாட்டில் இருக்கும். உங்கள் வீடு ஒரே நேரத்தில் இவ்வளவு இழுக்கலாம் என்று மின்வாரியமோ மின்விநியோக நிறுவனமோ ஒப்புக்கொண்ட அளவு அது. வாடகை வீடு என்றால் இது ஹவுஸ் ஓனர் என்றைக்கோ வாங்கியது. அவர் வாங்கியபோது வீட்டில் ஏ.சி. இல்லாமலும் இருந்திருக்கலாம்.

5 கிலோவாட் உள்ள ஒரு வீட்டின் சாதாரண மாலை: ஏ.சி. 1.5, ஃப்ரிட்ஜ் 0.2, இண்டக்‌ஷன் அடுப்பு 1.8, மற்ற லைட், ஃபேன், டி.வி. சேர்த்து 0.5. மொத்தம் 4 கிலோவாட். அலங்கார விளக்கு 0.94-ஐக் கூட்டினால் 4.94. மயிரிழையில் தாங்குகிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வட இந்தியாவில் தீபாவளியின் உச்சம் மாலையில். நமக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியலில். இரவு முழுக்க லைட்டை எரியவிட்டு, காலை 4 மணிக்கு இரண்டு பாத்ரூமிலும் கீசரைப் போட்டால் அதுவே 4 கிலோவாட். அடுப்பில் இண்டக்‌ஷன் 1.8. மற்றவை 0.5. அலங்காரம் 0.94. மொத்தம் 7.24 கிலோவாட். கிரைண்டரை இன்னும் போடவே இல்லை. இதில் லைட்டின் பங்கு சிறியதுதான், ஆனால் நிறுத்துவதற்கு எளிதானதும் அதுதான். ஒரு டைமர் சுவிட்ச் போட்டு இரவு 11 மணிக்கு அணைத்துவிட்டு, கீசர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வரம்பைத் தாண்டினால் அபராதமா? ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. மின்சார நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் செய்த திருத்தம் இதைத் தெளிவுபடுத்துகிறது. ஒரு மாதத்தில் உங்கள் அதிகபட்சத் தேவை சாங்ஷன்டு லோடைத் தாண்டினால், அந்த மாத பில் உண்மையில் பதிவான அளவை வைத்துக் கணக்கிடப்படும். ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் சாங்ஷன்டு லோடையே உயர்த்தலாம். ஒரு தீபாவளியால் உங்கள் நிரந்தரக் கட்டணம் ஏறிவிடாது. ஆனால் தீபாவளியில் தாண்டி, ஏப்ரல், மே ஏ.சி. மாதங்களிலும் தாண்டினால் கணக்கு மூன்றாகிவிடும்.

எண் 2: 800 வாட்

சாங்ஷன்டு லோடு வீடு முழுவதற்குமானது. ஆனால் வீட்டுக்குள் மின்சாரம் பல கிளைகளாகப் பிரிந்து போகிறது. டி.பி. பெட்டியைத் திறந்தால் வரிசையாக நிற்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் ஒவ்வொன்றும் ஒரு கிளை.

இந்தியாவில் வீட்டு ஒயரிங்குக்கு நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது: லைட், ஃபேன், சிறிய பிளக் பாயின்ட் போகும் கிளையில் 10 பாயின்ட்டுக்கு மேல் கூடாது, மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்டக் கூடாது. கீசர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கான பவர் கிளை தனி. அதற்குத் தடித்த ஒயர், பெரிய 16 ஆம்பியர் பிளக்.

பால்கனியில் இருக்கும் பிளக் எது? பெரும்பாலும் சிறிய 6 ஆம்பியர் பிளக். அதாவது லைட் கிளை. அதே கிளையில் ஹாலின் ஃபேன், டியூப்லைட், டி.வி., வைஃபை எல்லாம் ஏற்கெனவே 300 வாட் வரை எடுத்துக்கொண்டிருக்கலாம். மீதம் 500 வாட். நம்முடைய 940 வாட் இதில் அடங்காது.

தீர்வு எளிது: பிரித்துப் போடுங்கள். முன்பக்கப் பால்கனி ஒரு கிளையில், பின்பக்கமும் மாடியும் வேறு கிளையில். எந்த பிளக் எந்தக் கிளை என்று தெரியவில்லையா? பகலில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்து, எந்தெந்த பிளக் செத்துப்போகிறது என்று போன் சார்ஜரை வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. கண்டுபிடித்ததை டி.பி. பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். வருடம் முழுக்க உதவும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லைட் கிளைகள் பெரும்பாலும் இன்வெர்ட்டரோடு இணைக்கப்பட்டிருக்கும். கரண்ட் போனதும் மொத்த அலங்காரமும் பேட்டரிக்கு மாறும். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 940 வாட்டைத் தாங்காது. அலங்காரத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

எண் 3: 6 ஆம்பியர்

"எதுவா இருந்தாலும் எம்.சி.பி. விழுந்திடும்ல?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

எம்.சி.பி.யின் வேலை சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றுவது. நீங்கள் கடையில் வாங்கி மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சிறிய பிளக் பாயின்ட்டும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை. அந்த லைனில் இருக்கும் எம்.சி.பி. 10 ஆம்பியராகவோ, சில வீடுகளில் 16 ஆம்பியராகவோ இருக்கும். பாக்ஸில் 9 ஆம்பியர் ஓடினாலும் எம்.சி.பி.யின் பார்வையில் எல்லாம் சுமுகம்.

அதோடு, எம்.சி.பி. தன் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டிய உடனே விழுந்துவிடாது. அப்படி விழாமல் இருப்பதுதான் அதன் வடிவமைப்பு. தரநிலைப்படி, குறித்த அளவின் 1.13 மடங்கு ஓடினால் அது ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 10 ஆம்பியர் எம்.சி.பி. 14 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டுக்கொண்டிருக்கலாம். உள்ளே மெல்லிய ஒயர் கொண்ட மலிவான பாக்ஸுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

ஒயரைவிட இணைப்புகள்தான் முதலில் கெடும். தளர்ந்த பிளக், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், துருப்பிடித்த பின். இப்படி ஒரு இடத்தில் வெறும் அரை ஓம் மின்தடை இருந்து, அதில் 8 ஆம்பியர் ஓடினால் அங்கே உண்டாகும் வெப்பம் 32 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை, காய்ந்த மாலைக்கும் ஜன்னல் திரைக்கும் பக்கத்தில் இரவு முழுக்க வைத்திருக்கிறோம். கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் சில நடைமுறைகள்:

• ஒரு 6 ஆம்பியர் பாக்ஸில் 4 முதல் 5 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம். மலிவான சரங்கள் என்றால் பெட்டியில் போட்ட வாட்டைக் கூட்டி, 600 வாட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.
• எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எல்லாச் சுமையும் முதல் பாக்ஸின் ஒரே பிளக் வழியாகத்தான் போகிறது.
• சரத்தின் வாலில் அடுத்த சரத்தை மாட்டும் வசதி இருந்தால், எத்தனை வரை மாட்டலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் தொடர வேண்டாம். முதல் சரத்தின் ஒயர் நூல் மாதிரிதான் இருக்கும். அத்தனை சரத்தின் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகும்.
• ஒயரைச் சுருட்டி வைத்தபடி, மிதியடிக்கு அடியில், கதவிடுக்கில் நசுங்கும்படி விட வேண்டாம். சூடு வெளியேற வழி இருக்காது.

எண் 4: 30 மில்லி ஆம்பியர்

நான்கில் முக்கியமான எண் இதுதான்.

மனித உடலில் சுமார் 30 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம், மூச்சுத் தடைபடலாம். அதைத் தாண்டி, சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 30 மில்லி ஆம்பியர் எவ்வளவு தெரியுமா? 230 வோல்ட்டில் ஒரு 7 வாட் பல்பு இழுக்கும் கரண்ட். நீங்கள் வாங்கிய ஒரே ஒரு எல்.இ.டி. சரம் எடுக்கும் அளவுதான்.

10 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கவனிக்குமா? 10 ஆம்பியர் என்பது இதைப்போல 333 மடங்கு. ஒருவர் கம்பியைப் பிடித்துத் துடித்துக்கொண்டிருந்தாலும், எம்.சி.பி.க்கு அது இன்னொரு சீரியல் லைட் மாட்டிய மாதிரிதான்.

இதைக் கவனிக்கும் கருவிக்குப் பெயர் ஆர்.சி.சி.பி. டி.பி. பெட்டியில் எம்.சி.பி.யைவிட அகலமாக, 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சிறிய பட்டனோடு இருக்கும். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், அந்தக் கரண்ட் வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, தரைக்குப் போகிறது என்று அர்த்தம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் ஆனால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வீடுகளுக்கு இதே 30 மில்லி ஆம்பியரைத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன.

இன்றே செய்யக்கூடியது: கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி. சுவரில் ஒரு அலங்காரப் பொருள் மட்டுமே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். அப்படி ஒன்றே இல்லாத பழைய வீடு என்றால், ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால், ஆர்.சி.டி. பொருத்திய பிளக்கோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ வாங்கி, வெளியே போகும் லைட்டுகளை மட்டுமாவது அதன் வழியாகக் கொடுங்கள். வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எல்லாமே பத்திரமா? இல்லை. ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால் அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் போனதும் வந்ததும் சமம். இன்னொன்று, 30 சரங்களின் சின்னச் சின்னக் கசிவுகள் கூடி 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே சில கருவிகள் விழத் தொடங்கும். "சும்மா சும்மா விழுது" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துகொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அனுமதிக்காதீர்கள். சரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது கசிகிறது என்று பாருங்கள். மழையில் நனைந்த ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

வெளியே போகும் ஒயர்

டெல்லியில் தீபாவளி வறண்ட காலத்தில் வருகிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். பெங்களூரிலும் அக்டோபர் மழை சாதாரணம். ஆகவே பால்கனிக்கு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள்.

ஒன்று, ஐ.பி. எண். ஐ.பி.20 என்றால் வீட்டுக்குள் மட்டும். ஐ.பி.44 தூறலையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐ.பி.65 பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். சரம் ஐ.பி.65 ஆக இருந்து, அதன் பிளக்கும் பாக்ஸும் மழையில் கிடந்தால் பயனில்லை.

இரண்டு, அடாப்டர். மலிவான சீரியல் செட்டுகளில் 230 வோல்ட் நேராகச் சரத்துக்குள் போகும். ஒரு பல்பு உடைந்து உள்ளிருக்கும் கம்பி வெளியே வந்தால், அந்தக் கம்பியில் முழு வோல்ட்டேஜும் இருக்கலாம். 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரோடு வரும் சரத்தில், அடாப்டர் வீட்டுக்குள் இருக்கும். வெளியே போவது குறைந்த வோல்ட்டேஜ் மட்டும். குழந்தைகள் எட்டித் தொடும் உயரத்தில், இரும்புக் கிரில்லில் கட்டுவதென்றால் இதையே வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் கூடும்.

பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

உயரமும் ஒரு விஷயம். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகும் பகுதிகளில், ஈரச் சுவரில் ஏறி, இரும்புக் குழாயில் சரத்தைக் கட்டித் தூக்குவது மிக ஆபத்து. 2022 ஏப்ரல் 27-ம் தேதி அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் விளக்குகளால் அலங்கரிக்கப்பட்ட தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அங்கே ஒயரிங் கணக்கு எதுவும் தப்பவில்லை, உயரம்தான் தப்பியது. உங்கள் குடியிருப்பில் இந்த வேலையைச் செய்யப்போவது பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். செக்யூரிட்டி அண்ணனோ, தினக்கூலிக்கு வந்த ஒரு பையனோதான். அவர் எங்கே ஏறுகிறார், மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கட்டும்போது சப்ளை அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது குடியிருப்புச் சங்கத்தின் பொறுப்பு.

அடுக்குமாடியில் என்றால்?

மாடி, லிஃப்ட் வாசல், கேட் ஆகிய பொது இடங்களுக்குத் தனி மீட்டர் உண்டு. பொது அலங்காரம் அதில்தான் ஓட வேண்டும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார் இருக்கும் கிளையைத் தொட வேண்டாம். பண்டிகை மாலையில் லிஃப்ட் நின்றால் யார் மாட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஜெனரேட்டர் வசதி உள்ள குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு டி.ஜி. வரம்பு இருக்கும், அது சாங்ஷன்டு லோடைவிடக் குறைவாகவே இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் உங்கள் வீடு மட்டும் இருட்டானால் காரணம் இதுதான். யூனிட் விலையும் அப்போது கூடுதல். மேனேஜரிடம் உங்கள் வரம்பைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருக்கம்பத்திலிருந்து நேரடியாக ஒயர் இழுப்பது வேண்டாம். மின்சாரச் சட்டம் 2003-ன் 135-வது பிரிவின்படி அது திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிட முக்கியம், அந்த ஒயரில் உங்கள் வீட்டு எம்.சி.பி.யும் இல்லை, ஆர்.சி.சி.பி.யும் இல்லை. பெரிய பந்தலுக்குத் தற்காலிக இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

மாட்டும் முன் ஒரு மணி நேரச் சோதனை

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, பகலில், எல்லாவற்றையும் தரையிலேயே விரித்து எரிய விடுங்கள்.

1. போன வருடச் சரங்களில் உடைந்த பல்பு, வெடித்த ரப்பர், எலி கடித்த இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டேப் சுற்றாதீர்கள், குப்பையில் போடுங்கள்.
2. மொத்த வாட்டைக் கூட்டி எழுதுங்கள். மின்அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக் இருந்தால் உண்மையான எண்ணே கிடைக்கும். புதிய டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில், திரையில் மாறி மாறி வரும் எண்களில் அந்த நேரத்துச் சுமையும் வரும்.
3. இரண்டு கிளைகளாவது பிரித்து மாட்டுங்கள்.
4. ஒரு மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் அந்த பிளக்கோ பாக்ஸோ வேண்டாம். பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தால் யோசிக்கவே வேண்டாம்.
5. ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.
6. டைமர் போடுங்கள். எல்லோரும் வெளியே போகும்போதும் தூங்கும்போதும் லைட் அணைந்திருக்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்?

ஒருவர் ஷாக்கில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே சி.பி.ஆர். தொடங்குங்கள், இன்னொருவர் 108 அல்லது 112-ஐ அழைக்கட்டும். மின்சாரத்தால் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மெயினை அணைத்து, ஏ.பி.சி. பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள், 101-ஐ அழையுங்கள். கம்பத்திலோ மீட்டரிலோ தீப்பொறி தெரிந்தால் 1912.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும், சமையல் செய்ய வரும் அக்காவுக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒன்றைக் காட்டி வையுங்கள்: மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எந்தப் பக்கம் தள்ளினால் அணையும். முப்பது சரம் கட்டுவதற்கு முன் இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.